காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே மதுரையில் உட்கார ஒரு மரத்தடி உண்டா?

முடிச்சுக்காரி எழுதியது:

வணக்கம். நத்தம் சாலைச் சத்திரப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மகனை மதுரைக்கு அழைத்து வருகிறேன். அவனுக்கு 13 வயது, ஆட்டிசம். தல்லாகுளம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் காலை 10 மணிக்கு விட்டால் 1 மணிக்கு வெளியே அனுப்புவார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் எங்கே இருப்பது என்பது கேள்வியின் முதல் பாதி. மையத்தில் இரண்டே நாற்காலி. முந்தி வருகிற இரண்டு தாய்மார் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்குப் போய்த் திரும்பலாமே என்பீர்கள். நகரப் பேருந்தில் எனக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் மறுபடி கிளம்பும் நேரம் வந்துவிடும்.

இரண்டாவது பாதி மகனைப் பற்றியது. வெளியே வரும்போது அவன் தலைக்குள் ஒரு சந்தையே இரைந்துகொண்டிருக்கும். இது என் ஊகம், அவன் சொல்ல மாட்டான். அப்படியே பேருந்தில் ஏற்றினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஒரு மணி நேரம் மரத்தடியில் விட்டால், அதுவும் புங்க மரமாக இருந்து அதன் பட்டையைத் தடவிக்கொண்டு நிற்க விட்டால், ஆள் அடங்கிவிடுவான். ஊஞ்சல் கிடைத்தால் இன்னும் சீக்கிரம்.

மையத்துக்கு நான்கு தெரு தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் வேண்டாம். புங்கை இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதையும் இருக்கிறது. காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை. நாங்கள் வந்து இறங்குவதே 9.20. கம்பிக் கதவுக்கு இப்பால் நின்று இருவரும் புங்க மரத்தைப் பார்த்துவிட்டுப் போவோம்.

ஒரு வாரம் முதல் வண்டியைப் பிடித்து 8 மணிக்கே வந்து பார்த்தேன். வாசலில் ஒரு பலகை. புல்தரையில் அமராதீர், செடிகளைத் தொடாதீர், பந்து விளையாடாதீர், உணவுப் பொருள் கொண்டு வராதீர், படுத்து உறங்காதீர், ஊஞ்சல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும். என் மகன் முதல் அரை மணி நேரத்தில் இவற்றில் நான்கை மீறினான். 13 வயது, உயரம் என் தோளுக்கு மேல். ஊஞ்சலில் உட்கார்ந்ததும் ஊதல் கேட்டது. எட்டு வடிவப் பாதையில் விட்டேன். அங்கே எல்லாரும் ஒரு பக்கமாகச் சுற்றுவார்களாம், இவன் எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். ஒரு பெரியவர் நின்று, "பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லையா?" என்றார். சொல்லித் தரத்தானே ஐயா வாரம் மூன்று நாள் பேருந்து ஏறுகிறேன்.

மூன்றாம் நாள் மகனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பையிலிருந்து துணியை எடுத்தேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை எனக்கு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழ வேண்டும், கை சும்மா இருந்தால் கூலி இல்லை. உடனே காவலாளி வந்து, "இங்கே வியாபாரம் கூடாதம்மா" என்றார். நான் எதையும் விற்கவில்லை, முடிச்சுத்தான் போடுகிறேன் என்றேன். அதுவும் கூடாது என்றார்.

இப்போது எங்கே உட்காருகிறேன் தெரியுமா? நத்தம் சாலைப் பறக்கும் பாலத்துக்குக் கீழே. 2023-இல் திறந்தார்களே, 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதுதான். காலையில் பாலத்தின் நிழல் சாலைக்கு மேற்கே சாய்ந்து கிடக்கும். பதினொன்றரைக்கு மேல் நேர் கீழே வந்துவிடும். நிழலோடு நானும் இடம் மாறுவேன். யாரும் ஊதல் ஊதுவதில்லை. தூசிதான் பிரச்சினை. வெள்ளைத் துணி மாலைக்குள் பழுப்பாகிவிடுகிறது, வாங்குபவர் முகம் சுளிக்கிறார்.

ஆகவே, நடுப்பகலில் பூட்டாத, உட்கார்ந்தால் ஏன் என்று கேட்காத, பெண்பிள்ளை தனியாக இருந்தாலும் உற்றுப் பார்க்காத மரத்தடி எது? தல்லாகுளத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருந்தால் நல்லது.


குரூப் நான்கு எழுதியது:

அக்கா, காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனை என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியாமல் போகலாம், காந்தி மியூசியம் என்றால் தெரியும். 1959-இலிருந்து இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. வளாகத்துக்குள் சேவாகிராமக் குடிலைப் போலக் கட்டிய ஒரு குடில் உண்டு, அதைச் சுற்றி நல்ல மரங்கள். மூன்று ஆண்டாக அங்கேதான் படிக்கிறேன். (மூன்று ஆண்டா என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்பதே போதும்.) இதுவரை என்னை யாரும் எழுப்பவில்லை.

பூங்காக்களில் என்னையும் எழுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்து படித்தால் "எவ்வளவு நேரம் தம்பி?" என்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே வாய்விட்டுப் படிப்பேன். நடப்பவனைக் கேட்க விதியில் இடமில்லை. சோழர் குடவோலை முறை முழுவதையும் ஏழு சுற்றில் முடித்தேன். தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும் கால் தானாக ஆடியது, அது வேறு கதை.

நத்தம் சாலையிலேயே கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. குளிரூட்டிய கட்டடம், உட்கார நல்ல நாற்காலிகள். எனக்குத்தான் ஒத்துவரவில்லை, வாய்விட்டுப் படித்தால்தான் தலையில் ஏறும். நீங்கள் தனியாக இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு அது பொருந்தலாம். முடிச்சு வேலையை அங்கே விடுவார்களா என்பதை நேரில்தான் கேட்க வேண்டும்.


நடை நண்பர் எழுதியது:

சகோதரி, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் 11 ஆண்டாகத் தினமும் காலையில் நடப்பவன், சர்க்கரை நோயாளி. எங்கள் பகுதிப் பூங்கா முன்பு நாள் முழுவதும் திறந்துதான் கிடந்தது. காலையில் போனால் பெஞ்சுக்கு அடியில் மதுப்புட்டிகள், சீட்டுக்கட்டு, எச்சில் இலைகள். பகலில் அங்கே நடந்ததை இங்கே எழுத முடியாது. நாங்கள் 20 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் நேரக் கட்டுப்பாடு வந்தது. இன்று பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். பூங்கா என்பது உடற்பயிற்சிக்கான இடம். ஆளாளுக்கு ஒரு வேலையை அங்கே கொண்டு வந்தால் அது பூங்காவாக இருக்காது, சந்தையாகிவிடும். எட்டு வடிவப் பாதையில் எதிரே வந்தால் முட்டி வலிக்காரர்கள் தடுமாறி விழ வாய்ப்பு உண்டு. அந்தப் பெரியவர் கேட்டதில் தவறில்லை.


முடிச்சுக்காரி எழுதியது:

நடை நண்பர் ஐயா, மதுப்புட்டி கிடந்த இடத்தில் என் மகனை விட நானும் விரும்ப மாட்டேன். முட்டி வலிக்காரர் விழவும் வேண்டாம். எனக்குப் புரியாதது ஒன்றுதான். பகலில் குடிப்பவன் சுவர் ஏறிக் குதிக்கிறான், பூட்டு அவனை ஒன்றும் செய்வதில்லை. என்னால் சுவர் ஏற முடியாது. கையில் துணிப்பை இருக்கிறது, கூடவே இவன் வேறு.

குரூப் நான்கு தம்பி, நன்றி. வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.


தெப்பக்குளம் கிழக்கு எழுதியது:

உங்களுக்கு உதவாத பதில்தான், தெப்பக்குளம் தல்லாகுளத்திலிருந்து தூரம். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில்தான் நான் வளர்ந்தேன். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், உள்ளே சமதரை. இதைவிடப் பெரிய விளையாட்டுத் திடலை எந்தத் திட்டத்திலும் எங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ஆட்டம் நடக்கும். உங்கள் பந்து எங்கள் ஆட்டத்துக்குள் வந்தால் யார் எடுத்துக் கொடுப்பது, மைய மண்டபத்து நிழல் எந்த அணிக்கு, எல்லாவற்றுக்கும் எங்களுக்குள் சட்டம் உண்டு. பலகை கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர் இல்லாத ஆண்டில் நிலைத்தெப்பம் என்று தெப்பத்தை நிறுத்தி வைத்தே திருவிழா முடியும். மறுநாளே நாங்கள் குச்சி நட்டுவிடுவோம்.

பிறகு வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்தார்கள், குளம் நிரம்பியது. தெப்பம் மிதப்பதைப் பார்க்க என் பாட்டி அழுதபடி வந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் இடம் தேடினோம். வைகைப் படுகைக்குள் சீமைக் கருவேலத்துக்கு நடுவே ஒரு பொட்டல் கிடைத்தது. பந்து முள்ளுக்குள் போனால் அவுட் என்று புதிய விதி போட்டோம், இல்லாவிட்டால் யாரும் எடுக்கப் போக மாட்டார்கள்.

இப்போது மாலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர். ஆடியவர்களில் நான்கைந்து பேர் எதிரே வருவார்கள், எல்லாருக்கும் தொப்பை.


வரைவாளர், ஓய்வு எழுதியது:

நகர் ஊரமைப்பு வரைபடங்களில் 31 ஆண்டு பச்சை மை பூசியவன் நான். பூங்கா என்றால் வரைபடத்தில் பச்சை. அதனால் உரிமையோடு சில வார்த்தை.

மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதென்றால் நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்டித் தப்பலாம். அதற்கு மேல் தப்ப முடியாது, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். புறநகரில் நீங்கள் பார்க்கும் சின்னப் பூங்காக்களில் பல இப்படி வந்தவை. மூலையில், கோணலாக, உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே ஏன் இருக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும். விற்க முடியாத துண்டைத்தான் தானமாகக் கொடுப்பார்கள்.

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் என்று 1959-இல் ஒன்று வந்தது. பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆக, பூங்கா மனையாகாமல் காக்கச் சட்டம் இருக்கிறது. கதவை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதெல்லாம் உள்ளூர் நிர்வாகம் எழுதும் பலகை. பலகையில் எழுதியதை அழித்து எழுதலாம் அம்மா, அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்கு உதவுவது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது குறிப்பிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்கும் உரிமையைப் பற்றித் தனியே பேசுகிறது. ஊஞ்சலுக்கு 12 வயது என்று பலகையில் போட்டவர் உடம்பின் வயதை நினைத்துப் போட்டிருப்பார். அடையாள அட்டையின் நகலை இணைத்து, இந்த ஒரு விதியைத் தளர்த்தக் கேட்டு மனுக் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக "பூங்காவை நாள் முழுதும் திறக்கவும்" என்று எழுதாதீர்கள், அதற்கு "ஆள் பற்றாக்குறை" என்று ஒரே வரியில் பதில் வரும். மாநகராட்சிக்கு 5 மண்டலம், 100 வார்டு. உங்கள் வார்டு மதுரையில் இல்லை என்பதால் மையம் இருக்கும் வார்டின் பெற்றோர் ஒருவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.


காவலாளி மகள் எழுதியது:

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. என் அப்பா மதுரையில் ஒரு பூங்காவில் ஒப்பந்தக் காவலாளி. நீங்கள் சொல்லும் பூங்காவா என்று கேட்கப் போவதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு ஒரு பூங்கா அல்ல, இரண்டு. 9 மணிக்கு ஒன்றைப் பூட்டிவிட்டு மிதிவண்டியில் மற்றதற்குப் போவார். அங்கே சருகு கூட்டி, மோட்டார் போட்டு, குழாயை இழுத்துத் தண்ணீர் பாய்ச்சுவார். மறுபடி இங்கே வந்து அதே வேலை. நடுப்பகலில் பூங்கா "மூடியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அதுதான் வேலை நேரம். புல் நனைந்து, பாதை முழுக்கக் குழாய் கிடக்கும். யாராவது தடுக்கி விழுந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

அந்த ஊதல் அவருக்கும் பிடிக்காது. நடப்பவர் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து மேலே அனுப்பிவிடுவார்: "புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள், காவலாளி தூங்குகிறார்." அப்பா தூங்கவில்லை, கழிப்பறை அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். ஊஞ்சல் விதியும் சும்மா வந்ததில்லை. கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் ஒன்றாக ஏறி ஆடிச் சங்கிலி அறுந்தது. பற்றவைத்த காசை ஒப்பந்தக்காரர் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார். அதிலிருந்து மீசை முளைத்த யாரைக் கண்டாலும் அப்பாவின் கை ஊதலுக்குப் போய்விடும்.

உங்கள் மகனை அவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நேற்று இரவு கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "முதல் நாளே அந்த அம்மா வந்து சொல்லியிருந்தால் கடைசி ஊஞ்சலைக் காட்டியிருப்பேன், அதன் சங்கிலி புதியது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு எந்த அம்மா எந்த அம்மா என்று தெரியாது அக்கா. போனதும் காவலாளியிடம் பேசிவிடுங்கள். மாலையில் கூட்டம் அதிகம், 4 மணிக்குக் கதவு திறக்கும்போதே போனால் பேச நேரம் இருக்கும்.

முடிச்சுப் போட்டதற்கு "வியாபாரம் கூடாது" என்றது மட்டும் எனக்கும் சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். துணி, பை என்று விரித்தாலே அடுத்து நான்கு பேர் விரிப்பார்கள் என்ற பயம்.


முடிச்சுக்காரி எழுதியது:

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

காந்தி மியூசியம் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. குடிலுக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து மடியில் துணியை விரித்தேன், யாரும் வரவில்லை. நூற்றவர் பெயரில் உள்ள இடத்தில் நூல் முடிச்சுக்கு என்ன சொல்லப் போகிறார்கள் என்று நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். மகனுக்குத்தான் பிடிக்கவில்லை. 1 மணிக்கு மேல் அழைத்துப் போனால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வேண்டியது புங்கை, இங்கே முதலில் கண்ணில் பட்டது வேம்பு. முதல் வாரம் வாசல், இரண்டாம் வாரம் பாதி வழி. மூன்றாம் வாரம் வியாழன்று வேம்பின் பட்டையில் கை வைத்து, எடுத்து, மோந்து பார்த்து, மறுபடி வைத்தான். இப்போது பரவாயில்லை. வேம்பின் பட்டை கரடுமுரடு, புங்கையைப் போல வழவழப்பில்லை. அதனால்தான் பிடிக்கவில்லையோ என்னவோ, இப்போது அதனால்தான் பிடிக்கிறதோ என்னவோ.

காவலாளி மகளே, உன் தந்தையின் பேச்சைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை 4 மணி வரை காத்திருந்து அந்தப் பூங்காவுக்குப் போனேன். வேறு காவலாளி. நின்று விவரமாகச் சொன்னேன், அட்டையையும் காட்டினேன். அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகனிடம் "ஒரு ஆள்தான், சரியா?" என்றார். என் மகன் என்றைக்கு மூன்று பேராக ஏறினான்! ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது உன்னால்தான் எனக்குப் புரிந்தது. பத்து நிமிடம் ஆடினான். எட்டு வடிவப் பாதையில் இன்னும் எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறான், நான் முன்னால் நடந்து "வழி, வழி" என்று சொல்லிக்கொண்டே போகிறேன். நடை நண்பர் ஐயா, யாரும் விழவில்லை.

வரைவாளர் ஐயா சொன்னபடி ஊஞ்சல் விதிக்கு மட்டும் மனு எழுதினோம். மையத்தில் இன்னும் இரண்டு தாய்மாருக்கு இதே பாடு. அதில் ஒருவர் அதே வார்டு. ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. பலகை இன்னும் மாறவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "பாதையில் ஒரே திசையில் நடக்கவும்." எங்களால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

பாலத்தடிக்கு இப்போது போவதில்லை. துணி வெள்ளையாகவே வீடு சேருகிறது.

இன்னொரு கேள்வி இருக்கிறது. சித்திரையில் அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் முழுக்கக் கூட்டமாகிவிடும், மேளமும் அதிர்வேட்டும் வேறு. மையத்துக்கு அந்த நாட்களில் விடுமுறை இல்லையாம். அந்த ஒரு வாரம் மட்டும், தல்லாகுளத்துக்கு வடக்கே சத்தம் எட்டாத ஒரு மரத்தடி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். புங்கையாக இருந்தால் நல்லது, வேம்பும் சரிதான்.